போர் நடக்கும்போது வாக்குக் கேட்டவர்கள்: 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி இரவு 9 மணிக்கு, ஃபுளோரிடா மாநிலம் கோரல் கேபிள்ஸ் நகரிலுள்ள மயாமி பல்கலைக்கழக அரங்கில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் அவரை எதிர்த்து நின்ற செனட்டர் ஜான் கெர்ரியும் முதல் நேரடி விவாதத்துக்காக மேடையேறினர். வெளியுறவும் நாட்டுப் பாதுகாப்பும் அன்றைய பொருள். தொண்ணூறு நிமிடங்களில் பெரும்பகுதி ஈராக் போருக்கே போயிற்று. இந்திய நேரப்படி அப்போது அக்டோபர் 1ஆம் தேதி காலை 6.30 மணி. கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். ஆனால் குவைத்திலோ சவூதியிலோ பஹ்ரைனிலோ வேலைபார்க்கும் ஆள் இல்லாத தெரு நம் கடற்கரை ஊர்களில் அரிது என்பதால், அந்த அரங்கில் பேசப்பட்ட போர் நமக்குத் தொலைவான செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை.

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்கான விவாதப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இந்த நிகழ்வைப் பாடமாக எடுத்துக்கொண்டோம். நான் நடுவர். ‘நடந்துகொண்டிருக்கும் போரைத் தேர்தல் மேடையில் குறைகூறுவது, போரை நடத்தும் நாட்டுக்குத் தீங்கு’ என்பது தலைப்பு. ஆதரித்த அணி புஷ் தரப்பின் வாதங்களையும், மறுத்த அணி கெர்ரி தரப்பின் வாதங்களையும் கையிலெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஆய்வு பாதி அந்தத் தேர்தலைப் பற்றியது; மீதி, அதை நம் பிள்ளைகள் வாதிட்டபோது வெளிப்பட்டதைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: போரைத் தொடங்கியது சரியா என்ற கேள்வியும் இனி என்ன செய்வது என்ற கேள்வியும் ஒன்றோடொன்று கலக்கப்பட்டதால், 2004இல் போர்க்கொள்கை விவாதிக்கப்பட்டதுபோல் தோன்றியதே தவிர, உண்மையில் விவாதிக்கப்படவில்லை.

பின்னணி

2002 அக்டோபரில் ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் 296க்கு 133 என்றும், செனட்டில் 77க்கு 23 என்றும் நிறைவேறியது. கெர்ரி ஆதரித்து வாக்களித்தார். 2003 மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. மே 1 அன்று ஆப்ரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலில், ‘பணி முடிந்தது’ என்ற பதாகை பின்னால் தொங்க, பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்துவிட்டதாக அதிபர் அறிவித்தார். முடியவில்லை. 2004 ஏப்ரலில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியாயின. அதே மாதத்தில் பலூஜா நகர் மீது தொடங்கிய தாக்குதல் பாதியில் நிறுத்தப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்களின் கையிருப்பு எதுவும் ஈராக்கில் இல்லை என்ற ஆய்வுக் குழுவின் அறிக்கை, முதல் விவாதம் முடிந்து ஒரு வாரத்துக்குள் வெளிவந்தது.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2003 ஏப்ரல் 8 அன்று மக்களவை போரைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஈராக்கின் பாதுகாப்புக்கு இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாது என்று 2003 ஜூலை 14 அன்று நடுவண் அரசு முடிவெடுத்தது. கெர்ரியும் புஷ்ஷும் ‘நேச நாடுகள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்த பட்டியலில் நம் நாடு ஏன் இல்லை என்பதற்கான விடை இந்தத் தேதியில் இருக்கிறது. மாணவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது.

8,700 கோடி டாலர் வாக்கியம்

அந்தத் தேர்தலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட வாக்கியம் 2004 மார்ச் 16 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரில் கெர்ரியின் வாயிலிருந்து வந்தது. போருக்கும் மறுகட்டமைப்புக்குமான 8,700 கோடி டாலர் நிதிக்கு எதிராக வாக்களித்தது ஏன் என்ற கேள்விக்கு, எதிர்த்து வாக்களிப்பதற்கு முன் தாம் அதை ஆதரித்தும் வாக்களித்ததாக அவர் விடையளித்தார். எதிர்த்தரப்பு அதை உடனே விளம்பரமாக்கியது. நிலைமாறுபவர், உறுதியற்றவர், இரண்டு படகில் கால்வைப்பவர் என்ற சித்திரம் தேர்தல் முடியும்வரை அவரை விட்டு நீங்கவில்லை.

வகுப்பில் ஆதரவு அணியின் முதல் பேச்சாளர் இந்த வாக்கியத்தை வைத்தே தம் நேரத்தில் பாதியைச் செலவிட்டார்; கைதட்டலும் கிடைத்தது. மறுப்பு அணி தடுமாறியது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த நடைமுறையை எடுத்து வைத்திருந்தால் தடுமாறியிருக்க வேண்டியதில்லை. அதே நிதியை, உயர் வருமானக்காரர்களுக்கு அளிக்கப்பட்ட வரிச் சலுகையின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று ஈடுகட்ட வேண்டும் என்ற திருத்தத்தைக் கெர்ரியும் ஜோசப் பைடனும் முன்மொழிந்தனர். அது 57க்கு 42 என்று தோற்றது. அதன்பிறகே 2003 அக்டோபர் 17 அன்று, கடன் வாங்கிச் செலவிடும் வடிவில் வந்த இறுதி மசோதாவைக் கெர்ரி எதிர்த்தார். மசோதா 87க்கு 12 என்று நிறைவேறியது.

இதில் பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. ஈராக்கின் மறுகட்டமைப்புக்கான பணத்தில் ஒரு பகுதியைக் கடனாகத்தான் கொடுக்க வேண்டும் என்று செனட் ஒரு கட்டத்தில் விதித்தபோது, அந்த வடிவில் மசோதா வந்தால் அதிபரின் தடையதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தப்போவதாக வெள்ளை மாளிகை எச்சரித்தது. ஆக, அதே 8,700 கோடியை ஒரு வடிவில் ஆதரித்து மற்றொரு வடிவில் எதிர்க்க இரு தரப்புமே ஆயத்தமாக இருந்தன. போருக்கான செலவை இன்றைய வரிசெலுத்துபவர் தாங்குவதா, நாளைய தலைமுறை தாங்குவதா, போரால் சிதைந்த நாடே தாங்குவதா என்பது மிகவும் கனமான கொள்கைக் கேள்வி. ஒரு நாக்குப் பிசகு அந்தக் கேள்வி முழுவதையும் மூடிவிட்டது. கெர்ரியின் மீதும் தவறு இருக்கிறது. நான்கு வாக்கியங்களில் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டியதை அவர் ஒரே வாக்கியத்தில் சுருட்டினார். மேடையில் சுருக்கம் எப்போதும் நல்லது என்று பயிற்சி வகுப்புகளில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். நான் இப்போது அப்படிச் சொல்வதில்லை.

இரண்டு பட்டியல்கள்

2004 மே 24 அன்று பென்சில்வேனியாவின் கார்லைல் நகரிலுள்ள தரைப்படைப் போர்க் கல்லூரியில் புஷ் தம் ஐந்து படித் திட்டத்தை அறிவித்தார்: ஈராக்கியரிடம் ஆட்சியை ஒப்படைப்பது, பாதுகாப்பை நிலைநாட்ட உதவுவது, உள்கட்டமைப்பை மீண்டும் எழுப்புவது, பன்னாட்டு ஆதரவைத் திரட்டுவது, தேர்தலை நோக்கிச் செல்வது. அதில் முதல் படியான ஆட்சி மாற்றம் ஜூன் 28 அன்று நடந்துவிட்டது. செப்டம்பர் 20 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கெர்ரி தம் திட்டத்தை நான்காக வகுத்தார்: நேச நாடுகளின் உதவியைப் பெறுவது, ஈராக்கியப் படைக்கு முறையான பயிற்சி அளிப்பது, மக்களுக்குப் பயன் தெரியும்படி மறுகட்டமைப்பை நடத்துவது, தேர்தல் நடப்பதை உறுதிசெய்வது. இவை நடந்தால் அடுத்த கோடையில் படைகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம் என்ற காலவரையறையை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்.

இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த மாணவி குளச்சல் பக்கத்தைச் சேர்ந்தவர். மூன்றாவது வரிக்கு வந்ததும் சாக்பீஸை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெற்றோர் வரிசையில் அவருடைய தாய்மாமன் இருந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே வேலையில் இருந்தவர். ஜோர்தான் எல்லை வழியாக அம்மான் போய், ஏர் இந்தியா விமானத்தில் ஏறி வந்த ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களில் ஒருவர். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தமாகவே கேட்டார்:

“மக்கா, ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தானே டிக்கெட் எடுத்திருக்காவ? பொறவு எதுக்கு இந்தச் சண்டை?”

“பஸ்ஸு ஒண்ணுதான் மாமா, டிரைவர்தான் வேற,” என்றார் மாணவி.

“அப்பம் இது போரப் பத்தின தேர்தல் இல்ல. டிரைவரப் பத்தின தேர்தல்.”

அறையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அன்றைய இரு அணிகளும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறேன். செல்லும் திசையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, விவாதம் ஆளின் தகுதியைப் பற்றியதாக மாறுவது இயல்பு. அது தவறும் அல்ல. ஒரே திட்டத்தை ஒருவர் திறமையாக நிறைவேற்றலாம், மற்றவர் கெடுக்கலாம். ஆனால் தகுதியை அளப்பதற்கு எதை அளவுகோலாகக் கொள்வது? ஈராக்கியப் படையைக் கலைத்தது யார் முடிவு, சிறைக் கொடுமைக்கு எந்த மட்டத்தில் பொறுப்பு, 2002இல் உளவுத் தகவலை எந்தச் செனட்டர் எவ்வளவு கவனமாகப் படித்தார் என்பவையெல்லாம் தகுதியை அளக்கும் கேள்விகள். யார் தடுமாறாமல் பேசினார் என்பது மிக மெலிந்த அளவுகோல்.

அன்றைய இரவு

விவாதத்தின் விதிகளை இரு தரப்பு வழக்கறிஞர்களும் 32 பக்க உடன்படிக்கையாக எழுதிக்கொண்டிருந்தனர். விடைக்கு 2 நிமிடம், மறுமொழிக்கு 90 நொடி, நெறியாளர் விரும்பினால் மேலும் 30 நொடி. நேரம் முடிவதைக் காட்ட விளக்குகள். வேட்பாளர்கள் ஒருவரையொருவர் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர் பார்த்த அந்த நிகழ்ச்சியில், நெறியாளர் ஜிம் லேரர் கெர்ரியிடம் கேட்ட ஒரு கேள்விதான் என் பார்வையில் மையமானது: அமெரிக்கர் ஈராக்கில் ஒரு தவறுக்காகவா இப்போது இறந்துகொண்டிருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியின் வரலாறு தெரியாமல் அதன் கூர்மை விளங்காது. வியத்நாமிலிருந்து திரும்பிய இளம் அதிகாரியாகக் கெர்ரி 1971 ஏப்ரல் 22 அன்று செனட்டின் வெளியுறவுக் குழு முன் சாட்சியம் அளித்தபோது, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இருக்கும்படி ஒருவனிடம் எப்படிக் கேட்பது என்று வினவியவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே வினா அவரிடம் திரும்பி வந்தது. இல்லை, சரியான தலைமை இருந்தால் அப்படி இறக்க வேண்டியதில்லை என்று விடையளித்தார். அதே மேடையில் சற்று முன்னர்தான், அதிபர் செய்தது மாபெரும் கணிப்புப் பிழை என்றும் சொல்லியிருந்தார். இந்த இரண்டு கூற்றுகளையும் ஒன்றாக நிறுத்துவது கடினம். இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கும் அரங்கில் வேறு விடை சொல்வது அதைவிடக் கடினம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆதரவு அணியின் மிக வலுவான வாதம் இந்த இடத்தில் பிறந்தது. அதைப் பேசியவர் மார்த்தாண்டத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவர். தவறான போர், தவறான இடம், தவறான நேரம் என்று கெர்ரி செப்டம்பர் மாதம் முழுவதும் சொல்லிவந்தார். அப்படிச் சொல்லிவிட்டு, நாளை அதிபரானதும் அதே போருக்குப் படை அனுப்புங்கள் என்று எந்த நாட்டிடம் கேட்பார் என்பது அந்த மாணவரின் வாதம். புஷ் அன்றிரவு திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான். இதை வெறும் தேர்தல் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கூட்டணி வேண்டும் என்பதே கெர்ரி திட்டத்தின் முதல் வரி. அந்த வரியையே அவருடைய விமர்சனம் பலவீனப்படுத்தியது. ஆனால் இதே வாதத்துக்கு எதிர்ப்புறமும் உண்டு. போரைத் தொடங்கியவர் தம் கணிப்பில் ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ளாதபோது, அதுவரை சேராத நாடுகள் அவர் கேட்டு இனிமேல் சேர்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கும் அடிப்படை இல்லை. மறுப்பு அணி இதைச் சொல்லத் தவறிவிட்டது. அதற்குப் பதிலாகச் செலவுக் கணக்குக்குள் நுழைந்து, கெர்ரி சொன்ன 20,000 கோடி டாலரை அப்படியே ஒப்பித்தது. அதுவரை உண்மையில் செலவானது 12,000 கோடி அளவே. மீதி, இனி செலவாகவிருப்பதாகக் கணிக்கப்பட்டது. எதிரணி அதைப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து நடந்த துணை அதிபர் விவாதத்தில் புஷ்ஷின் துணை அதிபர் டிக் செனி பிடித்துக்கொண்டதும் அதே இடத்தைத்தான்.

பேசப்படாதவை

ஏப்ரலில் பாதியில் விடப்பட்ட பலூஜா நகரம் கோடை முழுவதும் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. தேர்தல் நவம்பர் 2 அன்று நடந்தது. அந்நகர் மீதான பெருந்தாக்குதல் நவம்பர் 7 அன்று தொடங்கியது. ஒரு நகரத்தைப் படையால் மீட்பதா, பேச்சின் வழியில் மீட்பதா, அங்குள்ள குடிமக்கள் எங்கே போவார்கள் என்பதைவிட உடனடியான போர்க்கொள்கைக் கேள்வி அந்தப் பரப்புரைக் காலத்தில் வேறில்லை. வாக்காளர்கள் அதைப் பற்றி எந்த வேட்பாளரிடமிருந்தும் தெளிவான வாக்குறுதியைப் பெறாமலே வாக்களித்தனர். விவாதங்களில் பேசப்பட்ட ஐந்து படிகளும் நான்கு படிகளும் ஐந்தே நாளில் இந்த ஆறாவது விஷயத்துக்குப் பின்னால் போய்விட்டன.

பேசப்படாத மற்றொன்று நம்மைத் தொடுவது. 2004 ஜூலை 21 அன்று ஈராக்கில் ஏழு லாரி ஓட்டுநர்கள் கடத்தப்பட்டனர். மூவர் இந்தியர், மூவர் கென்யர், ஒருவர் எகிப்தியர். அனைவரும் குவைத் நிறுவனம் ஒன்றுக்காக வண்டி ஓட்டியவர்கள். செப்டம்பர் 1 அன்றுதான் விடுதலையானார்கள். அந்த ஆறு வாரமும் வளைகுடாவில் ஆள் உள்ள குடும்பங்கள் தொலைபேசிக்கு அருகிலேயே இருந்தன என்பதைக் கடற்கரை ஊர்களில் யாரும் சொல்வார்கள். அமெரிக்கப் படைக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசென்றவர்களில், சமையல் செய்தவர்களில், துணி வெளுத்தவர்களில் தெற்காசியர் ஏராளம். போரின் செலவு என்று இரு வேட்பாளர்களும் சொன்ன கணக்கில் இவர்கள் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. அமெரிக்கத் தேர்தல் அமெரிக்க வாக்காளருக்கானது என்று ஆதரவு அணி மாணவர் ஒருவர் இதற்கு விடை சொன்னார். சட்டப்படி சரி. போரே வேறொரு நாட்டு மண்ணில் நடக்கும்போது அந்த விடை போதுமா என்று மாமன் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

முடிவும் அதன் கணக்கும்

முதல் விவாதத்தில் கெர்ரி வென்றார் என்றே பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் காட்டின. தேர்தலில் புஷ் வென்றார்: அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகளில் 286க்கு 251, மக்கள் வாக்கில் 50.7 விழுக்காட்டுக்கு 48.3. ஒஹையோ மாநிலத்தில் வித்தியாசம் சுமார் 1,18,000 வாக்குகள்; அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 60,000 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், ஈராக்கையே முதன்மைப் பிரச்சினையாகச் சொன்னவர்கள் 15 விழுக்காடு. அவர்களில் 73 விழுக்காட்டினர் கெர்ரிக்கு வாக்களித்தனர். பயங்கரவாதத்தை முதன்மையாகச் சொன்னவர்கள் 19 விழுக்காடு. அவர்களில் 86 விழுக்காட்டினர் புஷ்ஷுக்கு. ஈராக்கும் பயங்கரவாதமும் ஒரே போரா, வெவ்வேறு போர்களா என்பதுதான் அன்றிரவு மேடையில் இருவரும் மோதிக்கொண்ட இடம். இந்தக் கணக்கைப் பார்த்தால் வாக்காளர்கள் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே தத்தம் விடையோடு வந்து நின்றதாகவே தெரிகிறது. விவாதம் அந்த விடையை அசைக்கவில்லை.

2007 ஜனவரி 10 அன்று, அதே புஷ் மேலும் 20,000க்கும் மேற்பட்ட படையினரை ஈராக்குக்கு அனுப்பும் முடிவை அறிவித்தார். அவருடைய இரண்டாம் ஆட்சிக்காலத்தின் மிகப் பெரிய போர் முடிவு அது. 2004இல் படைகள் எப்போது திரும்பும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நிலைமை மோசமானால் எத்தனை பேரைக் கூடுதலாக அனுப்புவீர்கள் என்ற கேள்விக்கு எந்த மேடையிலும் எண்ணிக்கையோடு விடை வரவில்லை.

நம் வகுப்பில் நான் ஆதரவு அணிக்கு வெற்றி அளித்தேன். தலைப்பு சரியானது என்பதால் அல்ல. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1999இல் ஒரு வாக்கில் கவிழ்ந்த அரசு காபந்து அரசாக இருந்துகொண்டே கார்கிலில் போரை நடத்தியது. அதைப் பற்றி விவாதிக்க மாநிலங்களவையைக் கூட்டும்படி எதிர்க்கட்சிகள் கேட்டும் கூட்டப்படவில்லை. அதே ஆண்டு தேர்தல் வந்தபோது மேடைதான் மக்கள் கேள்வி கேட்கக் கிடைத்த இடம். போர்க்காலத்தில் அந்த மேடையையும் மூடிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆயினும் மார்த்தாண்டத்து மாணவரின் வாதத்துக்கு மறுப்பு அணி கடைசிவரை விடை சொல்லவில்லை, சொல்லத் தகுந்த விடை இருந்தும். மதிப்பெண் வாதத்துக்குத்தான்.

அடுத்த அமர்வுக்குத் தலைப்பை மாற்றியிருக்கிறோம். இரு அணிகளும் போரைத் தொடங்கியது சரியா தவறா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது விதி. 2004 நவம்பர் 3 அன்று காலை கெர்ரி வென்றதாக வைத்துக்கொண்டு, முதல் ஆறு மாதத்தில் பலூஜாவுக்கு, படைப் பயிற்சிக்கு, ஈராக்கில் 2005 ஜனவரி 30ஆம் தேதி நடக்கவிருந்த தேர்தலுக்கு என்ன செய்வார் என்பதை ஒரு அணியும், புஷ் என்ன செய்வார் என்பதை மறு அணியும் தேதியும் செலவும் சேர்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். குளச்சல் மாணவி, நான்காவது பொருளாக லாரி ஓட்டுநர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சேர்த்தாயிற்று.